சுதந்திராச் சிந்தனையும் திருவண்ணாமலையும்

சுதந்திராச் சிந்தனை என்பது, குடிமக்களின் தொழில், நிலம், வழிபாடு ஆகியவற்றில் அரசு இயன்றவரை தலையிடாதிருக்க வேண்டும், ஒழுக்கத்தைப் பேணுவது முதலில் குடும்பத்துக்கும் சமயத்துக்கும் ஊருக்கும் உரிய பொறுப்பு என்று வாதிடும் அரசியல் கொள்கை. பொருளாதாரத்தில் தாராளம், பண்பாட்டில் பழமை பேணல் என்ற இரண்டும் இதில் ஒன்றாக நிற்கின்றன. 1959-இல் ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சி இதற்கு அமைப்பு வடிவம் தந்தது. கட்சி பதினைந்து ஆண்டுகளில் மறைந்தது. அது எழுப்பிய வாதங்கள் மறையவில்லை. கோவில் யாருடையது, நிலம் யாருடையது, மதுவை யார் விற்கலாம் என்ற மூன்று கேள்விகளும் திருவண்ணாமலை வட்டாரத்தில் இன்றும் தெருவிலும் நீதிமன்றத்திலும் விவாதிக்கப்படுகின்றன.

கட்சியின் பிறப்புக்கு உடனடிக் காரணம் நிலம். 1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுப் பண்ணை முறையை இலக்காக ஏற்றுத் தீர்மானம் போட்டது. வரப்புகளை அழித்து நிலங்களை ஒன்றுசேர்த்தால் உழவன் தன் காணியிலேயே கூலியாகிவிடுவான் என்ற அச்சம் பரவியது. அதே ஆண்டு ஜூன் 4 அன்று சென்னையில் புதிய கட்சி அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டில் பம்பாயில் அதன் ஆயத்த மாநாடு நடந்தது. ஆந்திர உழவர் தலைவர் என்.ஜி. ரங்கா தலைவரானார், மினூ மசானி பொதுச்செயலாளர். ராஜாஜிக்கு அப்போது எண்பது வயது. கவர்னர் ஜெனரல் பதவி வரை பார்த்துவிட்ட ஒருவர், நேரு செல்வாக்கின் உச்சியில் இருந்தபோது அவரை எதிர்த்துக் கட்சி கட்டியது சாதாரணத் துணிச்சல் அல்ல. தொழில் தொடங்கவும் இயந்திரம் வாங்கவும் மூலப்பொருள் பெறவும் அதிகாரியின் கையெழுத்துக்குக் காத்துக் கிடக்கும் நிலையை 'பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்' என்று அவர் பெயரிட்டார். 'சுவராஜ்யா' ஆங்கில இதழிலும் 'கல்கி'யிலும் வாரந்தோறும் இதை விளக்கி எழுதினார். அடிப்படைக் கொள்கைகள் இருபத்தொன்றை ஏற்றுக்கொண்டால் போதும், மற்றவற்றில் உறுப்பினர் தம் மனம்போல் பேசலாம், வாக்களிக்கலாம் என்ற விதி அக்கட்சியில் இருந்தது. தலைவர் சொல்வதே கட்சி என்றாகிவிட்ட இன்றைய சூழலில் அந்த விதியை நினைவுகூர்வது அவசியம்.

திருவண்ணாமலை அப்போது வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமானது 1989-இல். சுதந்திராக் கட்சி தோன்றும் முன்பே காங்கிரஸ் எதிர்ப்பு இங்கே வேர்பிடித்துவிட்டது. 1952 தேர்தலில் காங்கிரசை எதிர்த்து நின்று, பின்னர் ராஜாஜி அமைச்சரவைக்குக் கைகொடுத்த மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சிக்கு வடஆர்க்காட்டில் செல்வாக்கு இருந்தது. 1957-இல் முதன்முதலாகத் தேர்தலில் இறங்கிய தி.மு.க., நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய இருவரில் ஒருவர் திருவண்ணாமலைத் தொகுதியில் வென்ற இரா. தர்மலிங்கம், மற்றவர் நாமக்கல்லில் வென்ற ஈ.வெ.கி. சம்பத். ஆகவே ஆளுங்கட்சி மீதான இவ்வட்டாரத்தின் அதிருப்தியைத் தி.மு.க.தான் அறுவடை செய்தது. 1967-இல் தி.மு.க.வும் சுதந்திராவும் கூட்டணி சேர்ந்தன. ரூபாய்க்கு மூன்று படி அரிசி போடுவோம் என்ற கட்சியும், 1952-இல் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கி அரிசியைச் சந்தையில் விட்ட முதல்வரும் ஒரே மேடையில் நின்றார்கள். சென்னை மாநிலத்தில் சுதந்திராவுக்கு 20 சட்டமன்ற இடங்கள் கிடைத்தன. மக்களவையில் நாடு முழுவதும் 44. தி.மு.க. தனித்தே பெரும்பான்மை பெற்றதால் ஆட்சியில் சுதந்திராவுக்குப் பங்கு கிடைக்கவில்லை. 1971-இல் மக்களவையில் 8 இடங்களாகச் சுருங்கி, 1974-இல் சரண்சிங்கின் பாரதிய லோக் தளத்தில் கட்சி கரைந்தது. ராஜாஜி அதற்கு முன்பே, 1972 டிசம்பர் 25 அன்று காலமாகியிருந்தார்.

அரசின் வரம்பு பற்றிய வாதம் திருவண்ணாமலையில் முழு உருவம் எடுப்பது கோவிலில்தான். அருணாசலேசுவரர் கோவில் ஏறத்தாழ 25 ஏக்கர் பரப்புள்ளது. அதன் பதினொரு நிலைக் கிழக்கு ராஜகோபுரம் 217 அடி உயரம். கிருஷ்ணதேவராயர் தொடங்கியதைத் தஞ்சை சேவப்ப நாயக்கர் முடித்தார். மன்னர் கட்டினாலும் அன்றாடம் நடத்தியது பலர். கட்டளைதாரர்கள், மண்டகப்படிக்காரர்கள், மடங்கள், திருப்பணி செய்த நகரத்தார் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பும் அதற்கேற்ற மரியாதையும் இருந்தன. கார்த்திகை தீபத்தன்று மலையுச்சியில் மகாதீபம் ஏற்றுவது பர்வதராஜகுலம் எனப்படும் மீனவச் சமூகத்தாரின் உரிமை. கொப்பரையும் நெய்யும் திரியும் தோளில்தான் மலையேறுகின்றன. இந்த உரிமையை எந்தத் துறையும் கொடுக்கவில்லை, வழக்கம் கொடுத்தது. சுதந்திராச் சிந்தனையாளர் ஒருவர் தம் வாதத்துக்குச் சான்று தேடினால் இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது அரிது.

அரசு கோவிலுக்குள் வந்த வரலாறு நீண்டது. கிழக்கிந்தியக் கம்பெனி 1817 ஒழுங்குவிதியின் மூலம் மேற்பார்வையை எடுத்துக்கொண்டது. இந்துக் கோவில்களைக் கிறித்தவ அரசு நடத்துவதா என்ற எதிர்ப்பு இங்கிலாந்தில் எழ, 1863 சட்டத்தோடு பிரிட்டிஷ் அரசு விலகியது. அதன்பின் கோவில் சொத்து கைமாறியது, குத்தகை வரவில்லை, கணக்குக் கேட்பார் இல்லை என்ற புகார்கள் பெருகின. பனகல் அரசர் தலைமையிலான நீதிக்கட்சி அமைச்சரவை 1920-களில் அறநிலைய வாரியத்தை உருவாக்கியது. விடுதலைக்குப் பின் வாரியத்தை அரசுத்துறையாக மாற்றும் மசோதா 1949-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் வந்து, 1951-இல் சட்டமானது. ஓமந்தூரார் ரமண மகரிஷியின் அடியவர்; பதவி விட்டபின் வடலூரில் வள்ளலார் நெறியில் வாழ்ந்தவர். கோவிலை அரசு எடுத்தது நாத்திகர்களின் வேலை என்று இன்று சொல்லப்படுவது இந்த ஒரு மனிதரின் முன் நிற்காது. பக்தரே, கோவில் பாழாவதைக் காணப் பொறுக்காமல் செய்தது அது.

1954-இல் சிரூர் மட வழக்கில் உச்சநீதிமன்றம் 1951 சட்டத்தின் பல பிரிவுகளைச் செல்லாதெனத் தள்ளியது. சமய நடவடிக்கையில் அரசு கைவைக்கலாகாது, சொத்து நிர்வாகத்தை ஒழுங்குபடுத்தலாம் என்ற கோடு அப்போது போடப்பட்டது. குறைகளைத் திருத்தி வந்த புதிய அறநிலையச் சட்டமும் 1959-ஆம் ஆண்டுக்கு உரியதே. கூட்டுப்பண்ணையை எதிர்க்க ஒரு கட்சி எழுந்த ஆண்டில், கோவில்கள் செயல் அலுவலர்களின் கீழ் இன்னும் உறுதியாக வந்தன. இச்சட்டப்படி கோவில் தன் வருமானத்தில் ஒரு பகுதியைத் துறைக்கு நிர்வாகப் பங்களிப்பாகவும் தணிக்கைக் கட்டணமாகவும் செலுத்துகிறது. அறங்காவலர் குழு அமைக்கப்படாத கோவில்களில் 'தக்கார்' ஒருவர் அதன் இடத்தில் அமர்கிறார். தற்காலிக ஏற்பாடான தக்கார் பதவி பல கோவில்களில் ஆண்டுக்கணக்கில் நீடித்தது, துறையின் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டுகளில் நியாயமானது. 2014 ஜனவரியில் சிதம்பரம் வழக்கில் உச்சநீதிமன்றமும், நிர்வாகச் சீர்கேட்டைச் சரிசெய்யவே அரசு கோவிலை எடுக்கலாம், சரிசெய்ததும் திருப்பித்தர வேண்டும் என்றது.

ஊரின் மறுபக்கத்தில் வேறொரு மாதிரி இருக்கிறது. 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்த ரமணர், தாம் எதற்கும் உரிமையாளர் இல்லை என்று வாழ்ந்தவர். ஆனாலும் ஆசிரம நிர்வாகம் பற்றி வழக்கு எழுந்தபின், 1938-இல் உயில் எழுதி, பொறுப்பைத் தம் தம்பி நிரஞ்சனானந்த சுவாமிக்கும் அவர் வழிவந்தோருக்கும் வைத்தார். தாயாரின் சமாதி மேல் எழுந்த மாத்ருபூதேசுவரர் ஆலயத்துக்கு 1949 மார்ச்சில் கும்பாபிஷேகம் நடந்தது. இந்த ஆலயம் அறநிலையச் சட்டத்தின் கீழ் வருமா என்ற வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. ரமணாசிரமம் இன்றும் தன் அறக்கட்டளையாலேயே நடத்தப்படுகிறது. அன்பர்களின் காணிக்கையில் அன்னதானம், நூலகம், பதிப்பகம் எல்லாம் நடக்கின்றன. தனியார் அறம் பொறுப்போடு இயங்க முடியும் என்பதற்கு ஊருக்குள்ளேயே இருக்கும் சான்று இது.

2002-இல் இந்தியத் தொல்லியல் துறை அருணாசலேசுவரர் கோவிலைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னமாக்க முனைந்தபோது ஊரே எழுந்தது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் எழுப்பத் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றாக வேண்டும் என்பது 1992 முதல் இருந்த விதி. மாடவீதிகளில் வீடும் கடையும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சுவர் எழுப்பக்கூட டெல்லியின் தயவு தேவைப்படும் என்பது இதன் பொருள். போராட்டமும் வழக்குகளும் தொடர்ந்தன. கோவில் மீண்டும் அறநிலையத்துறையிடம் வந்தது. அன்று ஊர் எதிர்த்தது அரசை அல்ல, தூரத்து அரசை. கிட்டத்து அரசோடு சண்டையிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தது. 2023-இல் ராஜகோபுரத்தின் முன் வணிக வளாகம் கட்ட அறநிலையத்துறை முயன்றபோது அந்தச் சண்டையும் நடந்தது. பக்தர்கள் உயர்நீதிமன்றம் போனார்கள்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி சுதந்திராச் சிந்தனைக்கு வலு சேர்ப்பது. அதன் நெஞ்சில் தைக்கும் நிகழ்வு ஒன்றும் இதே மாவட்டத்தில்தான் நடந்தது. தண்டராம்பட்டு அருகே தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோவிலுக்குள் தலித் மக்கள் பல தலைமுறைகளாக நுழைய முடியவில்லை. 2023 ஜனவரி 30 அன்று மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் முன்னிற்க, பெரும் காவல் பாதுகாப்போடு, பொங்கல் பானைகளுடனும் பூசைத் தட்டுகளுடனும் அவர்கள் உள்ளே போனார்கள். ஊரின் மற்றச் சாதியார் அதை எதிர்த்தனர். வழிபாட்டை ஊரிடமே விடலாம் என்கிற கொள்கை, எந்த ஊர் என்று கேட்டதில்லை. தென்முடியனூரில் இரண்டு ஊர்கள் இருந்தன. ஒன்றின் வழக்கம் மற்றொன்றின் விலங்கு. அங்கே அரசு வராமல் இருந்திருந்தால் கதவு திறந்திருக்காது. ஆலயப் பிரவேசத்துக்கு 1939-இல் சட்டப் பாதுகாப்புத் தந்தவர் ராஜாஜி என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மதுரை மீனாட்சி கோவிலில் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டோரை அழைத்துச் சென்றபோது, சட்டத்தின் துணையில்லாமல் அறம் வெல்லாது என்று முதல்வர் ராஜாஜி உணர்ந்திருந்தார். பின்னாளைய கட்சித் தலைவர் ராஜாஜி அந்தப் பாடத்தைத் தம் கொள்கையில் போதிய அளவு சேர்க்கவில்லை என்பதே இக்கட்டுரையின் மதிப்பீடு. குன்றக்குடி திருவண்ணாமலை ஆதீனத் தலைவராக இருந்த குன்றக்குடி அடிகளார், மடாதிபதியாக இருந்துகொண்டே பெரியாரோடு நட்புக் கொண்டு சமூகச் சமத்துவத்தைச் சைவத்தின் கடமையாகப் பேசினார். பழமைக்குள்ளிருந்தே வந்த விடை அதுதான்.

ராஜாஜியின் ஆட்சி வரலாற்றில் இம்முரண் வேறு இடங்களிலும் தெரியும். 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர் அவர். 1953-இல் கிராமத் தொடக்கப் பள்ளியில் பாதி நேரம் பாடம், மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று பெயர் பெற்ற அத்திட்டம் அடுத்த ஆண்டு அவர் பதவி விலகவும், காமராஜர் முதல்வராகி அதைக் கைவிடவும் காரணமானது. வறிய வீட்டுப் பிள்ளையின் எதிர்காலத்தை அரசாணை ஒன்றால் தகப்பனின் பட்டறையோடு கட்டிப்போட முயன்றது, தனிமனித உரிமையைப் பேசியவரின் வாழ்க்கையில் பெரிய பிழை.

மது விஷயம் வேறு. 1937-இல் சேலத்தில் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு 1939-இல் வடஆர்க்காட்டுக்கும் வந்தது. கள்ளு வருமானம் போன இடத்தை நிரப்ப விற்பனை வரியைக் கொண்டுவந்தார். சுதந்திரம் பேசுபவர் குடிப்பவனைத் தடுக்கலாமா என்ற கேள்விக்கு அவரிடம் தெளிவான விடை இல்லை. ஆனால் குடியால் அழியும் வீட்டின் காசில் கருவூலம் நிரம்பலாகாது என்பதில் கடைசிவரை உறுதியாக இருந்தார். 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட இருந்தபோது கொட்டும் மழையில் முதல்வர் கருணாநிதியின் வீட்டுக்கே போய் வேண்டாமென்று கேட்டார். 2003 முதல் சில்லறை விற்பனையும் அரசின் டாஸ்மாக் நிறுவனத்துக்கே உரியதாயிற்று. மதுவை விற்பதும் அதன் தீமையைப் பற்றிப் புட்டியில் எச்சரிக்கை அச்சிடுவதும் ஒரே அரசு என்ற நிலையை, சிறிய அரசு வேண்டுவோரும் கண்டிக்கலாம், ஒழுக்கம் வேண்டுவோரும் கண்டிக்கலாம். சுதந்திராச் சிந்தனையின் இரு கிளைகளும் சேரும் இடம் இது.

நிலத்தைக் காக்கப் பிறந்த கட்சி போனபின் சொத்துரிமையும் சுருங்கியது. 1978-இன் 44-ஆவது திருத்தம் அதை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கி, 300-அ பிரிவில் வெறும் சட்ட உரிமையாக வைத்தது. அதன் விளைவைத் திருவண்ணாமலை உழவர்கள் நேரடியாகக் கண்டனர். 2018-இல் அறிவிக்கப்பட்ட சென்னை–சேலம் எட்டுவழிச் சாலையின் 277 கிலோமீட்டரில் மிகுதியான நீளம் இம்மாவட்டத்துக்குள் வந்தது. நெல்வயலிலும் கிணற்று மேட்டிலும் அளவுக்கல் நடப்பட்டது; உழவர்கள் பிடுங்கினார்கள். 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் கையகப்படுத்தலை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் திட்டத்துக்கு வழிவிட்டது. செய்யாறு அருகே மேல்மாவில் சிப்காட் தொழிற்பேட்டை விரிவாக்கத்துக்கு 3,000 ஏக்கருக்கு மேல் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து 2023-இல் உழவர்கள் பந்தல் போட்டு அமர்ந்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் போராட்டக்காரர்கள் ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. கண்டனம் எழுந்தபின் அவர்களில் ஆறு பேர் மீதான நடவடிக்கையை அரசு திரும்பப் பெற்றது.

இந்தப் போராட்டங்களில் முன்னின்றவை பெரும்பாலும் இடதுசாரி அமைப்புகளும் உழவர் சங்கங்களும் சூழலியலாளர்களும். ராஜாஜியின் பெயரைச் சொல்லி, கோவில்களை அரசின் பிடியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்போர் 2021 முதல் உரத்த குரலில் இயங்கிவருகிறார்கள். மேல்மாப் பந்தலில் அந்தக் குரல் அவ்வளவு உரக்கக் கேட்கவில்லை. 1959-இல் ரங்காவும் ராஜாஜியும் முதலில் பேசியது உழவனின் காணியைப் பற்றி.