புதைத்து வைத்த நீர்

மலையைக் காணச் செல்பவன் முதலில் வருந்துகிறான்; பின்னர் இளைப்பாறுகிறான். ஏறும்போது வலிமை குன்றினால் அவன் எவ்விடத்திலும் நின்று திரும்பலாம்; திரும்பும் வழி இறக்கமாகவே அமைந்திருக்கும். பாலைநிலத்துப் பள்ளத்தாக்கைக் காணச் செல்பவனுக்கோ இம்முறை தலைகீழாகின்றது. காலைக் குளிரில் இறங்குதல் எளிது. உச்சிவெயிலில், உடல் சோர்ந்து, கொண்டுசென்ற நீரும் தீர்ந்த வேளையில் அவன் ஏறவேண்டியவனாகிறான். ஆகவே இத்தகைய இடத்துக்குப் பயணம் வகுப்போர் திரும்பிவரும் வழியையே முதலில் எண்ணுதல் வேண்டும். எளிதாகத் தோன்றும் இவ்வறிவு எத்துணை விலை கொடுத்துப் பெறப்பட்டது என்பதற்கு அமெரிக்காவின் கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கின் வரலாறு சான்றாகும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கே, அரிசோனா மாநிலத்தில், கொலராடோ ஆறு பன்னெடுங்காலமாக அறுத்த இப்பள்ளம் 277 மைல் நீளமுடையது. சில இடங்களில் இதன் அகலம் 18 மைல். ஆழம் ஏறத்தாழ ஒரு மைல். விளிம்பில் நிற்பவன் ஆற்றைக் காணலாம். அந்நீரைப் பருக வேண்டுமாயின் நாலாயிரம் அடிக்கு மேல் இறங்கல் வேண்டும். இறங்க இறங்க வெப்பமும் மிகும். கோடையில் அடிப்பகுதி விளிம்பைவிட 20 முதல் 30 பரனைற்றுப் பாகை வரை சூடேறி, 100 பாகையை எளிதிற் கடந்துவிடும்.

ஐரோப்பியர் இதனை முதன்முதலிற் கண்டது 1540ஆம் ஆண்டில். மெக்சிக்கோவிலிருந்து வடக்கே வந்த கொரொனாடோவின் ஸ்பானியப் படையிலிருந்து, கார்தெனாஸ் என்பவர் தலைமையில் ஒரு சிறு குழு பிரிந்து சென்றது. அந்நிலத்தின் பழங்குடியினரான ஹோப்பி மக்கள் அதற்கு வழிகாட்டினர். இருபது நாள் நடந்து விளிம்பை அடைந்த அக்குழுவினருக்கு, கீழே ஓடிய பேராறு ஒரு சிற்றோடையாகவே தோன்றிற்று. அது மிக அகன்ற ஆறு என வழிகாட்டிகள் கூறினர். மூன்று நாள் வழி தேடிய பின்னர், உடல் இலேசான மூவர் இறங்க முயன்றனர். மாலை நான்கு மணியளவில் அவர்கள் திரும்பிவந்தனர். மூன்றிலொரு பங்கு தொலைவே அவர்களால் இறங்க முடிந்தது. மேலிருந்து ஓராள் உயரமாகத் தெரிந்த பாறைகள், செவில் நகரப் பேராலயத்தின் கோபுரத்தினும் உயர்ந்தவை என்று அவர்கள் அறிவித்தனர். குடிநீர் கிட்டாமையால் குழுவும் திரும்பிற்று.

அப்படையின் வரலாற்றை எழுதிவைத்த காஸ்தனியேடா, இந்நிகழ்ச்சியோடு மற்றொரு செய்தியையும் குறித்துள்ளார். அந்நாட்டு மக்கள் வறண்ட நிலத்தைக் கடக்கும்போது, பெண்கள் சுரைக்குடுக்கைகளில் நீர் சுமந்து உடன் செல்வார்கள். செல்லும் வழியிலேயே சில குடுக்கைகளை அவர்கள் மண்ணிற் புதைத்து வைப்பார்கள். திரும்பி வரும்போது அந்த நீர் உதவும். ஹோப்பி மக்கள் உப்பெடுப்பதற்காக ஆற்றுவரை இறங்கும் பாதை ஒன்றும் இருந்தது. அந்நியப் படையினருக்கு அது காட்டப்படவில்லை.

இதன்பின் மூன்று நூற்றாண்டுகள் கழிந்தன. 1858ஆம் ஆண்டில் லெப்டினன்ட் ஐவ்ஸ் என்னும் படை அதிகாரி, ஹுவலப்பாய் மக்களின் துணையோடு பள்ளத்தாக்கின் அடிக்கே இறங்கினார். பயனற்ற இவ்விடத்தை நாடி வெள்ளையர் எவரும் இனி வாரார் என்பதே தம் அறிக்கையில் அவர் கொண்ட முடிவு. பதினோராண்டுகளிலேயே அம்முடிவு பொய்யாயிற்று.

1869ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள், உள்நாட்டுப் போரில் வலக்கையை இழந்த ஜோன் வெஸ்லி பவெல், நான்கு படகுகளோடும் ஒன்பது தோழரோடும் வயோமிங் பகுதியிலிருந்து ஆற்றுவழியே புறப்பட்டார். பத்து மாதங்களுக்கு வேண்டிய உணவு படகுகளில் ஏற்றப்பட்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு வாரங்களில் ஒரு படகு பாறையில் மோதிச் சிதைந்தது. அதிலிருந்த உணவின் பெரும்பகுதியும் போயிற்று. எஞ்சியது நனைந்து பழுதுற்றது. ஒருவர் வழியிலேயே விலகினார். ஆகஸ்ட் 28ஆம் நாள், கொடிய நீர்விசையொன்றின் முன்னே, மூவர் மேலும் ஆற்றில் செல்ல மறுத்து விளிம்பை நோக்கி ஏறினர். ஏனைய அறுவரும் அந்நீர்விசையைத் துணிந்து கடந்து, மறுநாளே பள்ளத்தாக்கை விட்டு வெளியேறினர். ஏறிச் சென்ற மூவரும் மீளவில்லை. மேட்டுநிலத்தில் அவர்கள் கொல்லப்பட்டனர் என்ற செய்தியே பின்னர் வந்தது.

பவெல் இதிலிருந்து பாடங் கற்றார். 1870ஆம் ஆண்டில் அவர் தரைவழியாகச் சென்று, அந்நில மக்களைக் கண்டு உரையாடி, ஆற்றை அடையும் வழிகளைக் கேட்டறிந்தார். 1871ஆம் ஆண்டில் இரண்டாம் பயணம் தொடங்கியபோது, எல்லா உணவையும் படகில் ஏற்றவில்லை. ஆற்றோரத்துச் சில இடங்களிற் பொதிவிலங்குகள் மூலம் உணவு கிடைக்குமாறு ஏற்பாடு செய்தார். ஹோப்பிப் பெண்கள் புதைத்துவைத்த சுரைக்குடுக்கையின் கருத்தும் இதுவே.

1901ஆம் ஆண்டில் புகையிரதம் தென்விளிம்பை எட்டியதும் காலம் மாறிற்று. 1905இல் எல் தோவர் என்னும் பெரிய விடுதி எழுந்தது. ஆனால் அவ்விளிம்பில் நீருற்று இல்லை. விருந்தினர் பருகிய நீரும் 120 மைலுக்கு அப்பாலிருந்து புகையிரதத்திலேயே வந்தது. 1908இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் இவ்விடத்தைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். 1919ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் நாள் இது தேசியப் பூங்காவாயிற்று.

இவ்வளர்ச்சிக்குப் பலியானோரும் உளர். தென்விளிம்பிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் புகழ்பெற்ற பிரைட் ஏஞ்சல் பாதை, ஹவசுப்பாய் மக்கள் தம் ஊற்றுக்கும் வயலுக்கும் இறங்கிய பழைய வழியையே பின்பற்றுகின்றது. பாதிவழியில், நீர் சுரக்கும் இடத்தில், அவர்கள் பயிர் செய்து வாழ்ந்தனர். 1882இல் அரசு அவர்களுக்கென ஒதுக்கிய நிலம் 518 ஏக்கரே. 1928ஆம் ஆண்டளவில் ஊற்றருகே எஞ்சியிருந்தோரும் வெளியேற்றப்பட்டனர். நான்கே ஆண்டுகளில், 1932இல், அவ்வூற்றின் நீர் குழாய்வழி விளிம்பின் விடுதிகளுக்கு ஏற்றப்பட்டது. வழியையும் நீரையும் அறிந்திருந்தவர்கள் அவ்விரண்டையும் இழந்தனர். 1975ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஏறத்தாழ 185,000 ஏக்கர் மேட்டுநிலம் அவர்களுக்கு மீண்டது. ஊற்றிடத்துக்கு ஹவசுப்பாய்த் தோட்டம் என்ற பெயர் 2022ஆம் ஆண்டிலேயே சூட்டப்பட்டது.

இன்று தென்விளிம்பு பருகுவது வடபக்கத்து ஊற்றின் நீர். 1965 முதல் 1970 வரை அமைக்கப்பட்ட பன்னிரண்டரை மைல் நீளக் குழாய், பள்ளத்தாக்கின் குறுக்கே இறங்கி ஏறி அதனைக் கொண்டுவருகின்றது. வேலை நடந்துகொண்டிருக்கையிலேயே, 1966இல் வெள்ளம் அதனைச் சிதைத்தது. முதிர்ந்துவிட்ட அக்குழாய் பலமுறை உடைந்துள்ளது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் இறுதியில், அது அடுத்தடுத்து உடைந்தமையால், தென்விளிம்பு விடுதிகளில் இரவு தங்குதல் சில நாட்களுக்கு நிறுத்தப்பட்டது. இலட்சக்கணக்கானோர் வந்துசெல்லும் இடத்திலும் பாலை பாலையாகவே இருக்கின்றது.

எனவே அங்கு செல்வோர்க்கு அந்நிலம் விதிக்கும் ஒழுங்குகள் சிலவேயாயினும் கண்டிப்பானவை. கோடையில் காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையே வெயிலில் ஏறலாகாது. இறங்குவதற்குச் செலவான நேரத்தைப் போல இருமடங்கை ஏறுவதற்கு ஒதுக்கல் வேண்டும். நீரோடு உப்புள்ள உணவையும் கொள்ளல் வேண்டும். தனி நீரை மட்டும் மிகுதியாகப் பருகுவதும் உயிருக்கு ஊறு செய்யும். ஒரே நாளில் ஆற்றுவரை சென்று மீள முயலலாகாது. அடியில் இரவு தங்க விரும்புவோர் பல மாதங்களுக்கு முன்னரே இடம் வேண்டிக்கொள்ளல் நன்று. புறப்படும் நாளில் எந்தக் குழாயில் நீர் வருகின்றது என்பதைப் பூங்காக் காவலரிடம் கேட்டறிதல் இன்றியமையாதது.

நானூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன், படைக்கலம் தாங்கிய வீரர் நீரின்றித் திரும்பிய அதே நாட்டில், குடுக்கை சுமந்த பெண்கள் அச்சமின்றிச் சென்று மீண்டனர். வீரர் முன்னே காணும் ஆற்றையே நோக்கினர். பெண்களோ திரும்பிவரும் நாளின் தாகத்தை முன்னரே எண்ணி, மண்ணைத் தோண்டி நீரைப் புதைத்தனர்.