வைதேகியை ஏற்றுக்கொண்டவர்கள்

சென்ற மாசியில், காளையார்கோவில் ஆனைமடுப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது அந்த மின்னஞ்சல் வந்தது. என் துப்பறியும் நாவலை ஒரு பதிப்பகம் ஏற்றுக்கொண்டிருந்தது. மூன்று வருடம் எழுதி, நான்கு இடங்களுக்கு அனுப்பிய நாவல். இரண்டு இடங்களிலிருந்து பதிலே வரவில்லை. மூன்றாவது இடத்தில் "நாங்க இந்த மாதிரி போடுறதில்லீங்க" என்று போனிலேயே முடித்துவிட்டார்கள். அதனால் முதல் வரியை நாலைந்து தடவை படித்தேன். கடைசி வரியை அப்புறம்தான் பார்த்தேன். அச்சாகும் புத்தகத்தில் நூற்றைம்பது பிரதிகளை நானே வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "அவுக ஒன் கதைய ஏத்துக்கிட்டாகளா, இல்ல ஒன் காச ஏத்துக்கிட்டாகளா? வெவரமாச் சொல்லு" என்றாள். எனக்கு விவரமாகச் சொல்லத் தெரியவில்லை.

என் வேலையில் ஏற்பு என்பதற்கு ஒரே அர்த்தம்தான். நான் எழுதிய நிரலை இன்னொருவர் வரிவரியாகப் படிப்பார். குறை சொல்வார், திருத்தச் சொல்வார், கடைசியில் சரி என்பார். அதற்காக என்னிடம் யாரும் பணம் கேட்பதில்லை. நாவலுக்கும் அப்படித்தான் நடக்கும் என்று நம்பியதற்கு அகதா கிறிஸ்டி ஒரு காரணம். அவர் தன் முதல் நாவலை 1916-இல் எழுதினார். சில பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. ஜான் லேன் நெடுநாள் வைத்திருந்து கடைசியில் ஏற்றார், அதுவும் ஒரு நிபந்தனையோடு. பாய்ரோ நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதுபோல் இருந்த முடிவை மாற்றச் சொன்னார். கிறிஸ்டி மாற்றினார், 1920-இல் புத்தகம் வந்தது. ஒப்பந்தம் அவருக்குச் சாதகமாக இல்லை என்பது வேறு விஷயம். கோனன் டாயிலின் கதை இன்னும் மோசம். முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலின் முழு உரிமையையும் 25 பவுனுக்கு எழுதிக் கொடுத்தார். ஆனாலும் இருவருக்கும் வாசலில் நின்று 'உள்ளே வா' என்று சொல்ல ஒருவர் இருந்தார்.

தமிழில் அந்த வாசலைத் தேடிப் போனேன். 1894-இல் தானவன் என்ற போலீஸ் நிபுணனை வைத்து நடேச சாஸ்திரி எழுதிய கதைகளிலிருந்தே தமிழில் துப்பறியும் எழுத்து தொடங்கிவிடுகிறது. 1908-இல் ஜே.ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்'. பிறகு ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார். ஆனால் நான் நின்றுவிட்ட இடம் வை.மு. கோதைநாயகி.

1901-இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூடம் போகவில்லை. கதை சொல்லத் தெரியும், எழுத வராது. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதிக்கொண்ட நாடகம்தான் 'இந்திர மோகனா'. பட்டம்மாளைப் பற்றி இலக்கிய வரலாறுகளில் ஒரு வரிக்கு மேல் இருக்காது. கோதைநாயகியின் கற்பனையை முதலில் ஏற்றுக்கொண்டது யார் என்று என்னைக் கேட்டால், அவரைத்தான் சொல்வேன். இன்னொருத்தி வாயிலிருந்து வருவது மையும் காகிதமும் செலவழிக்கத் தகுந்தது என்று முதலில் முடிவு செய்தவர் அவர்.

அடுத்து வந்தது 'வைதேகி', கோதைநாயகியின் முதல் நாவல், துப்பறியும் கதை. இதை வெளியிட்ட விதம்தான் என்னை அசர வைத்தது. நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையை, வடுவூராரின் யோசனையின்பேரில், 1925-இல் விலைக்கே வாங்கினார்கள். கணவர் பார்த்தசாரதி உடன் நின்றார். அந்தப் பத்திரிகையில் 'வைதேகி' தொடராக வந்தது. ஒரு நாவல் அச்சேற ஒரு பத்திரிகையே! நான் நூற்றைம்பது பிரதிக்கு மூக்கால் அழுதுகொண்டிருந்தேன்.

மர்மக் கதையைத் தொடராகப் போடுவதில் ஒரு தொழில் சங்கடம் உண்டு. ஒன்பதாம் அத்தியாயம் எழுதும்போது, இரண்டாம் அத்தியாயத்திலேயே ஒரு தடயத்தை வைத்திருக்கலாமே என்று தோன்றினால் திரும்பிப் போக முடியாது. அது போன இதழில் அச்சாகிப் படிக்கவும் பட்டாயிற்று. நான் என் நாவலில் கொலையாளியையே இரண்டு முறை மாற்றியவன். அந்த வசதி இல்லாமல் எழுதியவர்களை நினைத்தால் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது. அதோடு, பிடிக்கவில்லையென்றால் வாசகர் அடுத்த வருடச் சந்தாவை நிறுத்திவிடுவார். ஆக, பதிப்பாளர் சொல்ல வேண்டிய 'சரி'யை அங்கே சந்தாதாரர்கள் சொன்னார்கள். கோதைநாயகி 115 நாவல்கள் எழுதினார். 1960-இல் இறக்கும்வரை, சுமார் 35 வருடம் பத்திரிகையை நடத்தினார்.

எங்கள் பக்கமும் விதிவிலக்கில்லை. காளையார்கோவிலில் பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தேவகோட்டைதான் சங்கர்லாலைப் படைத்த தமிழ்வாணனின் ஊர். அவருக்கும் கல்கண்டு என்ற பத்திரிகை கையில் இருந்தது, மணிமேகலைப் பிரசுரம் என்று சொந்தப் பதிப்பகமும் இருந்தது. அடுத்தவர் எழுத்துக்குப் பணம் போட்ட செட்டிநாட்டுக்காரர்களும் உண்டு. ராயவரத்து வை. கோவிந்தன் நடத்திய சக்தி காரியாலயத்தைச் சொல்லாமல் தமிழ்ப் பதிப்பு வரலாறு கிடையாது.

இதையெல்லாம் படித்து என் பதிப்பாளரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கோதைநாயகி பணம் போட்டார், பத்திரிகைக்குச் சொந்தக்காரரும் ஆனார். நான் பணம் போட்டால் எனக்குக் கிடைப்பது நூற்றைம்பது புத்தகம். இரண்டும் ஒன்றல்ல. பணத்தைவிட எனக்கு உறுத்தியது வேறு. அந்த மின்னஞ்சலில் கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முடிவை மாற்று என்றுகூட யாரும் சொல்லவில்லை.

போன் செய்து கேட்டேன். "நீங்க முழுசாப் படிச்சீங்களா சார்?" கொஞ்ச நேரம் சத்தமில்லை. "பாதி வந்திருக்கேன் தம்பி" என்றார். மீதியையும் படித்துவிட்டுச் சொல்லுங்கள், பிரதி விஷயத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றேன். பத்து நாள் கழித்து அவரே கூப்பிட்டார். பதினாறாம் அத்தியாயத்தில் கோயில் காவல்காரர் சொல்லும் நேரமும் கடைசி பஸ் நேரமும் இடிக்கிறது என்றார். நான் எடுத்துப் பார்த்தேன். இடித்தது.

எண்பது பிரதி என்று பேசி முடித்தோம். பஸ்ஸில் பார்சலாக வந்த இரண்டு பெட்டிகளையும் திண்ணையில் இறக்கி வைத்தபோது அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இம்புட்டையும் யாருக்குப்பா குடுக்கப்போற?"

முதல் பிரதியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.