எட்டுக் கலை வழு

வான்பொருள்களின் தூரம் மாறுபடுவதைத் தொலமி முதலிய பண்டை வானியலாரும் அறிந்திருந்தனர். வட்டத்தின் மையத்தைச் சற்றே விலக்கி வைத்து அதற்கு விளக்கங் கண்டனர். வட்டத்தையே கைவிட எவருந் துணியவில்லை; கொப்பணிக்கசும் துணியவில்லை.

1600ஆம் ஆண்டிற் பிராக் நகருக்கு அண்மையில் தைக்கோ பிராகியிடம் சேர்ந்த கெப்பிளரிடம் செவ்வாய்க் கோளின் கணிப்பு ஒப்படைக்கப்பட்டது. மறு ஆண்டில் தைக்கோ மறைந்தார். தொலைகாட்டியின்றியே அவர் திரட்டிய நுண்ணிய அவதானங்கள் கெப்பிளர் கைக்கு வந்தன. ஏறத்தாழ எழுபது முறை கணித்து, மையம் விலகிய வட்டமொன்றினாற் செவ்வாய் தோன்றுந் திசையை அவர் இரண்டு கலைக்குள் பொருத்திக்காட்டினார். பிறராயின் அத்துடன் அமைந்திருப்பர். ஆனால், அவ்வட்டம் தந்த தூரங்கள் பிழைத்தன. தூரத்தைத் திருத்தியபோதோ திசை எட்டுக் கலை வழுவியது. பாகையின் அறுபதிலொரு பங்கே கலை. எட்டுக் கலை முழுமதியின் விட்டத்தில் ஏறத்தாழக் காற்பங்காகும். தொலமியின் அவதானங்களில் அவ்வழு மறைந்துபோயிருக்கும். தைக்கோவின் அவதானங்களில் அதற்கு இடமில்லை. கெப்பிளர் வட்டத்தைத் துறந்தார்.

செவ்வாயின் ஒழுக்கு நீள்வளையம் என்றும், ஞாயிறு அதன் ஒரு குவியத்தில் உள்ளதென்றும் 1609இல் வெளிவந்த அவரது ‘புதிய வானியல்’ நிறுவிற்று. ஞாயிற்றை அணுகுங்கால் கோள் விரையும், அகலுங்கால் தளரும்.

பாடநூற் படங்கள் இந்நீள்வளையத்தை மிகைப்படுத்தியே காட்டுகின்றன. உண்மையில் அதன் அகலம் நீளத்தினின்று நூற்றில் அரைப்பங்குகூடக் குறைவதில்லை. வரைந்தால் வட்டமென்றே கண் கூறும். எனினும், ஞாயிறு நடுவினின்று விலகியிருத்தலாற் செவ்வாயின் தூரம் 20.7 கோடி கிலோமீற்றரிலிருந்து 24.9 கோடி வரை மாறுகின்றது. புவிக்கோ அது 14.7 கோடியிலிருந்து 15.2 கோடி வரையே. வெள்ளியின் தூரம் இதனினுங் குறைவாகவே மாறும். தைக்கோ செவ்வாயை விடுத்து வெள்ளியை ஒப்படைத்திருப்பின், கெப்பிளருக்கும் வட்டமே போதியதாய்த் தோன்றியிருக்கும்.