பூச்சின் ஆயுளை எதைக் கொண்டு அளப்பது? சென்னை மருத்துவமனைகளை முன்வைத்து ஒரு வாதம்

கிருமிகளைக் கொல்லும் மேற்பூச்சை, பூசிய அன்று அது எத்தனை கிருமியை ஒழித்தது என்று பார்த்து மதிப்பிடுவது தவறு. சென்னையில் இந்தத் தவறின் விளைவு இன்னும் கடுமையாக இருக்கும். 2010-இல் ‘லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்’ இதழில் வெளியான ஆய்வு, மருந்துக்கு அடங்காத என்.டி.எம்-1 மரபணு கொண்ட பாக்டீரியாக்களைச் சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் கண்டறிந்தது. அதன் முதல் ஆசிரியர் தரமணி வளாகத்தில் ஆய்வு செய்தவர். அம்மரபணுவைச் சுமக்கும் க்ளெப்சியெல்லாவின் சில வகைகள் உலர்ந்த பரப்பில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மருந்து எதிர்ப்பைச் சமாளிக்க 2012 ஆகஸ்டில் உருவான சென்னைப் பிரகடனத்தில் மருந்துக் கட்டுப்பாடே முதன்மை பெற்றது. கட்டில் கம்பிக்கும் அந்த அக்கறை வேண்டும்.

பூச்சுகளுக்குப் பரவலாகக் கையாளப்படும் ஐ.எஸ்.ஓ. 22196 சோதனையில் கிருமிக் கரைசலை ஊற்றி, மெல்லிய படலத்தால் மூடி, 35 டிகிரி வெப்பத்திலும் 90 விழுக்காடு ஈரப்பதத்திலும் 24 மணி நேரம் வைக்கிறார்கள். வெள்ளி அயனிகள் செயல்பட ஈரம் தேவை என்பதால், அங்கே வெள்ளிப் பூச்சு எளிதில் தேறிவிடுகிறது. கடற்காற்று வீசும் மயிலாப்பூரின் குளிர்சாதனமில்லாத பொது வார்டு இந்தச் சூழலை ஓரளவு நெருங்கலாம். தி.நகரில் குளிரூட்டிய தீவிர சிகிச்சைப் பிரிவோ அதற்கு நேரெதிர். ஒரே சான்றிதழை இரண்டுக்கும் ஏற்பது அறிவியல் ஆகாது.

செம்பின் நிலை வேறு. அமெரிக்காவின் மூன்று மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சை அறைகளின் சில பொருள்களைச் செம்புக் கலவையில் செய்து வைத்தபோது தொற்று விகிதம் 0.081-இலிருந்து 0.034 ஆகக் குறைந்ததாக 2013-இல் அறிவித்தார்கள். எந்த அறையில் செம்பு இருக்கிறது என்பது ஊழியர் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் குறையைக் கணக்கில் கொண்டாலும் முடிவு பொருட்படுத்தத்தக்கது. அது மேற்பூச்சன்று, முழு உலோகம்; தேய்ந்தாலும் அடியில் செம்புதான். பூச்சுக்கு அந்த வசதி இல்லை. பித்தளைப் பாத்திரத்தில் பூசிய ஈயம் தேயும், மறுபடி பூச வேண்டும் என்பதை நம் வீடுகள் அறிந்திருந்தன. மருத்துவமனைக் கொள்முதலில் அந்த அறிவு காணாமல் போனது எனக்கு வியப்பளிக்கிறது.

தேய்மானம் மட்டுமே எதிரி அன்று. அடையாற்றை ஒட்டிய ஐ.ஐ.டி. மெட்ராஸில் டி. பிரதீப் குழுவினர் குடிநீர் வடிகட்டிக்காகச் செய்த பணி இங்கே பெரிதும் உதவும். இயற்கை நீரிலுள்ள சிலிக்கேட் முதலியவை வெள்ளி நுண்துகள்மேல் படிந்து அயனி வெளியேறும் வழியை அடைத்துவிடுகின்றன. கைட்டோசானும் அலுமினிய ஆக்சிஹைட்ராக்சைடும் சேர்ந்த கூட்டுக்குள் துகளை அமர்த்தி, நூறு கோடியில் ஏறத்தாழ 40 பங்கு என்ற அளவில் வெள்ளி சீராகக் கசியும்படி செய்தார்கள் (2013). அந்த வழி அடைபட்டால், வெள்ளி தீருவதற்கு முன்பே பூச்சு செயலிழக்கலாம். கட்டில் கம்பியில் வியர்வையும் சோப்புப் பிசுக்கும் கடின நீரின் உப்பும் அதையே செய்யும் என்பது என் கணிப்பு. இதற்குமேல் ஹைப்போகுளோரைட் துடைப்பு: அதன் குளோரைடு வெள்ளியைக் கரையாத உப்பாக்கும், செம்பை அது அரிக்கும், குவாட்டர்னரி அம்மோனியப் பூச்சின் சங்கிலிகளையும் ஆக்சிஜனேற்றம் செய்து சிதைக்கக்கூடும்.

பாதி செத்த பூச்சு வெறும் பரப்பைவிட ஆபத்தானதாகலாம். கொல்லாத அளவில் கசியும் உலோகம் எதிர்ப்புத்திறனுள்ள கிருமிகளுக்கே இடம் கொடுக்கும். வெள்ளி நைட்ரேட் பயன்படுத்திய அமெரிக்கத் தீக்காய வார்டு ஒன்றில் வெள்ளிக்கு அடங்காத சால்மொனெல்லா தோன்றியதை 1975-லேயே பதிவு செய்துள்ளார்கள். உலோக எதிர்ப்பு மரபணுக்களும் மருந்து எதிர்ப்பு மரபணுக்களும் ஒரே பிளாஸ்மிடில் சேர்ந்து பயணிப்பதுண்டு. என்.டி.எம்-1 பரவிய நகரம் இதை அலட்சியப்படுத்த முடியாது.

ஆகவே நிபந்தனை கொள்முதலிலேயே வர வேண்டும். 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளைத் தொகுதி தொகுதியாகச் சோதித்து வாங்கும் பழக்கம் கொண்டது. பூச்சுக்கும் அதே கண்டிப்பு பொருந்தும்: வார்டில் புழங்கும் துணியாலும் கரைசலாலும் ஓராண்டுக்கு ஈடாகத் துடைத்த பிறகு, உலர்ந்த பரப்பில் சோதனை. 1954 முதல் இயங்கும் அடையாறு புற்றுநோய் நிறுவனம் போன்ற இடங்களில், வெள்ளணுக்கள் குறைந்த நோயாளிகளின் கட்டில் கம்பி, டிரிப்ஸ் ஸ்டாண்டு, குழாய்த் திருகு ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். தினசரித் துப்புரவில் எதையும் குறைக்கக் கூடாது. மாதந்தோறும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, பூசிய கம்பியிலும் பூசாத கம்பியிலும் கிருமி எண்ணிக்கை ஒன்றாகும் மாதத்தில் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசும் பொறுப்பு விற்றவருடையது என ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.