உளவளத்துணையின் அளவுகோல்

திருவள்ளுவர் மருத்துவத்தை நாற்கூறாகப் பகுத்தபொழுது, மருத்துவனுக்கு முன்னே நோயாளனை வைத்தார். மலையக வரலாறு அவ்வரிசையின் பொருளை விளக்குகின்றது.

கோப்பிக் காலத்து 1872ஆம் ஆண்டுச் சட்டமும், தேயிலைக் காலத்து 1912ஆம் ஆண்டுச் சட்டமும் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் குறித்து எழுந்தன. வசதிகளை எண்ணுதல் எளிது. லயத்து மாந்தர் நலமுற்றனரா என்பதே உரிய வினா. உடற்பிணியைப் பொறுத்தவரை இறப்புப் பதிவேடுகள் ஓரளவு விடை தந்தன. உளத்துயர் தணிந்ததை அவ்வேடுகள் காட்டா.

மேனாட்டிலும் இவ்வினா எழுந்தது. 1952இல் உளவியலறிஞர் ஐசென்க், உளச்சிகிச்சையின் பயனுக்குச் சான்று போதாதென வாதிட்டார். கார்ல் றொஜர்ஸும் டைமண்டும் 1954இல் வெளியிட்ட ஆய்வில், துணைநாடி வந்தோர் தம்மைப்பற்றிய கூற்றட்டைகளைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் தாமே வகைப்படுத்தினர். 1990களிற் பிரித்தானியாவில் உருவான கோர் வினாத்தாள், கடந்த ஒரு வாரத்து மனநிலையை 34 கூற்றுகளால் அளக்கின்றது.

ஹற்றனிலும் நுவரெலியாவிலும் உளவளத்துணை ஆற்றுவோர்க்கு, வந்தோர் தொகையும் தம் மனநிறைவும் மட்டும் சான்றாகா. கொழுந்து பறிப்பவளின் துயிலும் உழைப்பும் உறவும் சீர்ப்பட்டனவா என்பதை அவள் வழங்கும் சொற்களிலேயே வினவி, முன்னும் பின்னும் குறித்து ஒப்பிடுதல் வேண்டும். விடை குறைவு காட்டுமாயின், முறையை மாற்றவேண்டியவர் துணையாற்றுவோரே.