எலி மருந்துக்குப் பெயர் தந்த அலுவலகம்



எலித் தொல்லை என்றதும் நம்மில் மூத்தவர்களுக்கு ‘வார்ஃபரின்’ என்ற மருந்து ஞாபகம் வரும். அதைத் தின்ற உடனே எலி சாகாது. நாலைந்து நாள் தொடர்ந்து தின்றால் உடம்புக்குள்ளே ரத்தம் கசிந்து சாகும். அதனால் மற்ற எலிகளுக்குச் சந்தேகம் தட்டாது. இதே மருந்தை ஆஸ்பத்திரியில் மிகச் சிறிய அளவில், டாக்டரின் கண்காணிப்பில், ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க மனிதர்களுக்கும் கொடுக்கிறார்கள்.

இந்தப் பெயர் எப்படி வந்துச்சு தெரியுமா? அது கண்டுபிடித்த விஞ்ஞானியின் பெயர் இல்லை. தயாரித்த கம்பெனியின் பெயரும் இல்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்த சரக்கைக் கம்பெனிகளுக்கு உரிமம் போட்டுக் கொடுத்த ஓர் அலுவலகத்தின் பெயர். அப்படி ஒரு வேலை இருப்பதே நமக்குத் தெரியாது. மண்டியில் விவசாயிக்கும் வியாபாரிக்கும் நடுவே தரகர் உட்கார்ந்திருக்கிறார் அல்லவா? அதுபோல விஞ்ஞானிக்கும் கம்பெனிக்கும் நடுவே இவர்கள். யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது, என்ன நிபந்தனை, எவ்வளவு பணம் என்று முடிவு செய்கிறவர்கள். அவர்கள் எடுக்கும் முடிவு நம் தொழுவம் வரைக்கும் வரும். அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

ஒன்பது லட்சமும் ஒன்பது நூறும்

அமெரிக்காவில் விஸ்கான்சின் என்று ஒரு மாநிலம். கறவை மாடுதான் அங்கே பிழைப்பு. பாலும் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும்தான் பேச்சு. அங்கே மாடிசன் நகரத்துப் பல்கலைக்கழகத்தின் வேளாண் கல்லூரியில் ஹாரி ஸ்டீன்பாக் என்ற விஞ்ஞானி இருந்தார்.

குளிர் நாடுகளில் மாதக்கணக்கில் நல்ல வெயில் கிடைக்காது. அந்தக் காலத்தில் அங்கே குழந்தைகளுக்கு எலும்பு வலுவில்லாமல் கால் வில்லாக வளைந்துபோகும். ரிக்கெட்ஸ் என்பார்கள். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை ஒரு விளக்கின் மூலம் தீவனத்தின்மேல் பாய்ச்சினால் அதில் வைட்டமின் ‘டி’ உண்டாகிறது, அதைத் தின்ற எலிக்கு ரிக்கெட்ஸ் குணமாகிறது என்று 1920-களில் ஸ்டீன்பாக் கண்டார். 1924-இல் தன் கைப்பணம் 300 டாலர் செலவழித்துக் காப்புரிமைக்கு மனுப் போட்டார்.

ஓட்ஸ் தானிய உணவு விற்கும் குவேக்கர் கம்பெனி ஓடி வந்தது. உரிமை முழுவதையும் எங்களுக்கே கொடுங்கள், சுமார் 9 லட்சம் டாலர் தருகிறோம் என்றது. ஸ்டீன்பாக் யோசித்தார். ஒருத்தனுக்கே விற்றால் அவன் வைத்ததே விலை. எல்லாருக்கும் சும்மா விட்டுவிட்டாலோ, கண்டவனும் வெறும் மாவைப் பொட்டலம் கட்டி ‘வைட்டமின் சேர்த்தது’ என்று விற்பான். கேட்பார் இருக்காது.

ஆகவே மூன்றாவது வழி பார்த்தார். 1925-இல் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்கள் ஒன்பது பேர் ஆளுக்கு 100 டாலர் போட்டு ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். ஒன்பது லட்சத்தை வேண்டாம் என்றவர் தொள்ளாயிரத்தில் தொடங்கிய காரியத்தில் சேர்ந்தார்! விஸ்கான்சின் பழைய மாணவர் ஆராய்ச்சி அறக்கட்டளை என்று அதற்குப் பெயர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘வார்ஃப்’.

இந்த அலுவலகம் பல கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்தது. 1927-இல் குவேக்கருக்கும் கொடுத்தது. ஆனால் நிபந்தனையோடு. விற்பனைக்கு வரும் சரக்கில் சொன்ன அளவு சத்து இருக்கிறதா என்று சோதித்தார்கள். விளம்பரத்தில் அளந்து விடுவதையும் தடுத்தார்கள். வந்த வருமானத்தில் கண்டுபிடித்தவருக்கு ஒரு பங்கு போக, மீதி ஆராய்ச்சிக்கே. 1930-களில் அமெரிக்காவில் பெரிய பணமுடை வந்து, விளைச்சலுக்கு விலையில்லாமல் விவசாயி திண்டாடிய காலத்தில், இந்தப் பணம்தான் பல ஆராய்ச்சிகள் நின்றுபோகாமல் காத்தது.

கதவைச் சாத்திய இடம்

இதெல்லாம் நல்ல பக்கம். இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

மார்கரின் என்று ஒரு சரக்கு உண்டு. நம்ம ஊர் வனஸ்பதிக்கு உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயிலும் கொழுப்பிலும் செய்வது. வெண்ணெயை விட விலை குறைவு. ஏழைகள் அதைத்தான் வாங்குவார்கள். அதிலும் வைட்டமின் ‘டி’ சேர்த்துவிட்டால் வெண்ணெய் வியாபாரம் என்னாவது? விஸ்கான்சின் பால் விவசாயிகளுக்கு வயிற்றில் புளி கரைத்தது. வார்ஃப் அவர்கள் பக்கம் நின்றது. மார்கரின் கம்பெனிக்காரர்களுக்கு உரிமம் இல்லை என்று கதவைச் சாத்திவிட்டது.

விவசாயி பக்கம்தானே நின்றார்கள், சரிதானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் வெண்ணெய் வாங்கக் காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் கால் வளையத்தானே செய்யும்? 1940-களில் வழக்கு நடந்தபோது அப்பீல் கோர்ட்டார் இதைத்தான் கேட்டார்கள். தீவனத்தையும் கொப்பரையையும் வெயிலில் காயப்போடும்போது சூரியன் காலங்காலமாகச் செய்கிற வேலைதானே இது, இதற்கு ஒருவர் உரிமை கொண்டாட முடியுமா என்ற கேள்வியும் எழுந்தது. காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பாயிற்று. கடைசியில் அது எல்லோருக்கும் பொதுவானது.

உரிமம் கொடுக்கிறவர் கையில் ஒரு மதகு இருக்கிறது ஐயா. எந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் விட்டார் என்று பார்த்தால் மட்டும் போதாது. எந்த வயல் காய்ந்தது என்றும் பார்க்க வேண்டும்.

பனிப்புயலில் வந்த விவசாயி

இனி எலி மருந்துக்கு வருவோம். அது ஒரு விவசாயி கொண்டுவந்த கேள்வியில் பிறந்தது.

ஸ்வீட் குளோவர் என்பது நம்ம குதிரைமசால் போல ஒரு தீவனப் பயிர். அதைச் சரியாகக் காய வைக்காமல் பூசணம் பிடித்துவிட்டால், தின்ற மாட்டுக்கு ரத்தம் உறையாது. கொம்பை அறுத்தாலோ காயடித்தாலோ ரத்தம் நிற்காமல் செத்துப்போகும். கெட்ட தீவனம்தான் காரணம் என்று கனடாவிலும் வட டகோட்டாவிலும் மாட்டு வைத்தியர்கள் 1920-களிலேயே சொல்லிவிட்டார்கள். தீவனத்தில் எந்தப் பொருள் அப்படிச் செய்கிறது என்பதுதான் தெரியவில்லை.

1933 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. பனிப்புயல். ஒரு விவசாயி தன் வண்டியில் 300 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு மாடிசனுக்கு வந்தார். வண்டியில் ஒரு செத்த கிடாரி, பால் கேன் நிறைய உறையாத ரத்தம், 45 கிலோ கெட்ட தீவனம். மாட்டு வைத்திய அதிகாரியின் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. திறந்திருந்த கதவு கார்ல் பால் லிங்க் என்ற விஞ்ஞானியின் ஆராய்ச்சிக்கூடம். லிங்க்கிடமும் அப்போது மருந்து இல்லை. அந்தத் தீவனத்தைப் போடாதீர்கள் என்றுதான் சொல்ல முடிந்தது. வந்தவர் அதே புயலில் திரும்பிப் போனார்.

ஆனால் தீவனமும் ரத்தமும் அங்கேயே தங்கின. லிங்க்கும் அவர் மாணவர்களும் விடவில்லை. ஆறு வருஷம் கழித்து, 1939-இல், அந்தப் பொருளைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். டைக்குமரால் என்று பெயர் வைத்தார்கள். ரத்தக் கட்டுக்கு அது மருந்தானது. பிறகு அதே மாதிரிப் பல பொருள்களைச் செய்து பார்த்ததில் 42-ஆம் நம்பர் எலிக்கு மிகப் பொருத்தமாக அமைந்தது. வார்ஃப் அதற்கு உரிமை வாங்கியது. 1948-இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. வார்ஃப் என்ற பெயரோடு மூலப்பொருளான குமாரினின் வாலைச் சேர்த்து ‘வார்ஃபரின்’ ஆக்கினார்கள். 1954-இல் மனிதர்களுக்கும் மருந்தானது. அடுத்த வருஷம் அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கே இதைக் கொடுத்தார்கள்.

நமக்கு என்ன?

நம் நாட்டிலும் இந்த வேலைக்காக 1953-இல் மத்திய அரசு தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகத்தை ஏற்படுத்தியது. எருமைப் பாலில் குழந்தை உணவு செய்யும் முறையை மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்தது. அதை எடுத்துத் தயாரித்தது பெரிய முதலாளி இல்லை. குஜராத்தின் கெய்ரா மாவட்டப் பால் உற்பத்தியாளர்களின் கூட்டுறவு, அதாவது அமுல். மதகு விவசாயிகளின் சொந்தச் சங்கத்துப் பக்கமும் திறக்கும் என்பதற்கு இது சாட்சி.

ஆகவே மூன்று விஷயம் மனதில் வையுங்கள். ‘பல்கலைக்கழகக் கண்டுபிடிப்பு’ என்று யாராவது உயிர் உரமோ கருவியோ விற்க வந்தால், எந்த நிலையத்தில் உரிமம் வாங்கினீர்கள் என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். இரண்டாவது, உங்கள் உழவர் சங்கமே உரிமம் வாங்கித் தொழில் செய்ய முடியுமா என்று விசாரித்துப் பாருங்கள். மூன்றாவது, தலைமுறையாக நீங்கள் காத்துவரும் ரகம் இருந்தால், 2001-இல் வந்த பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டப்படி அதை உங்கள் பெயரிலேயே பதிவு செய்யலாம்.

அன்றைக்குப் புயலில் வந்தவர் கையில் இருந்தது செத்த மாடும் கெட்டுப்போன தீவனமும்தான். அதிலிருந்து உலகத்துக்கே ஒரு மருந்து வந்தது. உங்கள் வயலில் புரியாத நோய் வந்தால் அதை மூடிப் புதைத்துவிடாதீர்கள். எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.