கட்சிக் கொள்கை தீன் ஆகுமா?

‘மதம்’ என்னும் சொல்லுக்கு வடமொழியில் ‘ஒருவர் கொண்ட கருத்து’ என்றும் பொருள் உண்டு. அவ்வாறாயின் கட்சிக் கொள்கையும் ஒரு மதந்தானே என இளைஞர் சிலர் வினவுகின்றனர். இதனை வெறும் சொற்போர் என்று தள்ளிவிட இயலாது. கொள்கை தீன் ஆகிவிடுமாயின், முஸ்லிம் ஒருவர் எக்கட்சியிலும் சேர்தல் ஆகாதன்றோ?

கடவுளை ஏற்றால்தான் சமயம் என்பது பழந்தமிழ் மரபன்று. மணிமேகலையில், வஞ்சி நகரில் சமயவாதிகள் தத்தம் நெறியை எடுத்துரைக்கும் காதையில், வைணவவாதியோடு பூதவாதியும் இடம்பெறுகின்றான். மறுமையை மறுப்பவன் அவன். அவன் கொள்கையும் ஆங்கு ஒரு சமயமாகவே எண்ணப்பட்டது.

அரபியில் ‘தீன்’ என்பது இன்னும் விரிந்த சொல். சூரா யூஸுபின் 76ஆம் வசனத்தில் அது மிஸ்ரு மன்னனின் சட்டத்தைக் குறிக்கின்றது. தம் இளவலைத் தம்மிடம் நிறுத்திக்கொள்ள யூஸுபு நபி (அலை) அவர்களுக்கு அச்சட்டம் இடந்தரவில்லை. மன்னனின் களஞ்சியப் பொறுப்பை ஏற்றிருந்தவர் அவர். ஆயின் அவர் வணங்கியது மன்னனை அன்று. எங்கள் நத்தத்திலும் ஒரே வீட்டில் இரு கட்சியினர் உண்டு. தேர்தல் மாதத்தில் அவர்களுக்குள் பேச்சு நின்றுபோவதும் உண்டு. வெள்ளிக்கிழமை ஒரே ஸப்பில்தான் நிற்கின்றனர்.

இனி நம் நாட்டு வரலாற்றைப் பார்ப்போம். 1925இல் பெரியார் ஈ.வெ.ரா. தொடங்கிய சுயமரியாதை இயக்கம் மதத்தை ஒழிக்கப் புறப்பட்டது. புறப்பட்டது, மதம் இருந்த இடத்தில் தானே அமர வேண்டியதாயிற்று. புரோகிதர் விலகினார், தலைவர் வந்து திருமணத்தை நடத்தி வைத்தார். மந்திரம் நின்றது, உறுதிமொழி வந்தது. எள்ளலாக இதைச் சொல்லவில்லை. மணமும் மரணமும் மனிதனை விடுவதில்லை. எவ்வியக்கமும் அவற்றுக்கு ஒரு முறை வகுத்தே ஆகவேண்டும். இத்தகைய திருமணம் சட்டப்படி செல்லாது என 1950களில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறிஞர் அண்ணாவின் ஆட்சி 1967இல் அக்குறையைப் போக்கியது. எச்சட்டத்தால்? இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ என்னும் பிரிவைச் சேர்த்து! மதத்தை மறுத்தோரின் திருமணம், இந்துக்கள் இருவருக்கிடையே நடைபெறுவதாகவே ஏட்டில் ஏறிற்று. புதியதொரு மதமாகச் சட்டம் அதனைக் கருதவில்லை. சடங்கைக் கைக்கொண்டதாலேயே ஓர் இயக்கம் மதமாகிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று யான் கண்டிலேன்.

நம் முன்னோர் மீலாது மேடைகளில் பெரியாரை அமர்த்தி அவர் பேச்சைக் கேட்டனர். சாதி இழிவு நீங்க இஸ்லாமே மருந்து என அவர் உரைத்ததை வரவேற்றனர். அவருடைய இறைமறுப்பை ஏற்றாரில்லை. கேட்டல் வேறு, கூட்டு வேறு. 1967 தேர்தலில் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் தலைமையில் முஸ்லிம் லீக், தி.மு.க.வுடன் கூட்டுச் சேர்ந்தது. 1949இல் தோன்றிய அக்கழகமோ திருமூலர் வாக்கையே தன் முழக்கமாகக் கொண்டு, இறைமறுப்பை வலியுறுத்தாது விட்டிருந்தது. தீனுக்குரிய இருக்கையை விட்டுக் கொள்கை எழுந்துகொண்டமையால்தான் அக்கூட்டு இயன்றது என்பது என் துணிபு.